புது டீச்சர் வந்த பருவம்

ஜூலை 28, 2025, திங்கள்

ஒன்பது மணிக்கே வராண்டாவில் நின்றார்கள்: புது டீச்சர், அவருடைய அப்பா, ஒரு சூட்கேஸ், ஒரு கட்டைப்பை. ஊர் தென்காசிப் பக்கம். ராத்திரி பஸ்ஸில் ஓசூர் வந்து இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். நியமன ஆணை, சான்றிதழ்கள், மருத்துவத் தகுதிச் சான்று எல்லாம் ஃபைலில் வரிசையாக இருந்தன. பணியேற்பு அறிக்கையில் மறக்காமல் ‘முற்பகல்’ என்று எழுதச் சொன்னேன். இல்லையென்றால் அரை நாள் சம்பளமும் அரை நாள் பணிக்காலமும் போகும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

புது டீச்சர் என்று நாங்கள்தான் சொல்கிறோம். வயது முப்பத்து நான்கு. 2013-ல் தகுதித் தேர்வில் தேறியவர். அதற்குப் பிறகு வேலை வரும் வரும் என்று காத்திருந்து, 2018-ல் அரசாணை 149 வந்து தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும் என்றாகி, அதையும் எழுதி இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார். இடையில் எட்டு வருஷம் தனியார் பள்ளி. ஐந்து வயது மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அப்பா என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. தங்க நல்ல இடம் கிடைக்குமா? எத்தனை வருஷத்தில் ஊர்ப்பக்கம் மாறுதல் கிடைக்கும்? இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. தென் மாவட்டங்களில் காலியிடம் குறைவு. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை என்று வடக்கேதான் எப்போதும் பள்ளம் இருக்கும். முதல் கேள்விக்கு மட்டும் உடனே ஏற்பாடு செய்தேன். ஓசூரில் கம்பெனிக்காரர்கள் வந்ததிலிருந்து வாடகை கைக்கு எட்டாது. பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் தனியாக வீடு எடுத்திருக்கிறார். பாதி வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். போன் போட்டேன். சாயங்காலமே சூட்கேஸ் அங்கே போய்விட்டது.

ஜூலை 29, செவ்வாய்

வகுப்புப் பிரிப்பு. மொத்தம் 68 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது வரை இரண்டு ஆசிரியர், அதைத் தாண்டினால் மூன்று. போன வருஷம் ஒருவர் ஓய்வு பெற்றதிலிருந்து தலைமை ஆசிரியையான நானும் இன்னொரு ஆசிரியரான சாரும்தான் ஓட்டினோம்.

சார் ஒரு யோசனை சொன்னார். “ஒண்ணாம் வகுப்பைக் குடுத்துடுங்க மேடம். புதுசா வர்றவங்கதானே எப்பவும் ஒண்ணாம் வகுப்பு எடுப்பாங்க?”

வழக்கம் அதுதான். அழுகிற வகுப்பு, மூக்குச்சளி வகுப்பு, யாருக்கும் வேண்டாத வகுப்பு புதியவர் தலையில் விழும். எங்கள் ஒன்றாம் வகுப்பில் பதினோரு பேர். ஒன்பது பேர் வீட்டில் தெலுங்கு. அவர்களுக்குத் தமிழே பள்ளிக்கூடத்தில்தான் ஆரம்பம். தாமிரபரணித் தமிழ் பேசுகிறவரை முதல் நாளே அங்கே நிறுத்தினால் இரண்டு பக்கமும் மிரண்டு போகும். ஒன்றாம் வகுப்பை நான் வைத்துக்கொள்கிறேன், இரண்டும் மூன்றும் அவருக்கு, நான்கும் ஐந்தும் சாருக்கு என்று முடிவு செய்தேன். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் தட்டிதான். அங்கே நடப்பது இங்கே கேட்கும். இங்கே நடப்பதும் அங்கே கேட்கும்.

ஜூலை 30, புதன்

இந்த வாரம் முழுக்க அவர் பாடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் வகுப்பிலும் சார் வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கட்டும். அவருக்கு ஆச்சரியம். தனியார் பள்ளியில் சேர்ந்த முதல் நாளே ஏழு பீரியட் எடுக்க வைத்தார்களாம். நான் சேர்ந்த காலத்தில் பணியேற்பு அறிக்கையை வாங்கிக்கொண்டு சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். ஓராசிரியர் பள்ளி. யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?

காலை உணவுக்குப் பொங்கலும் சாம்பாரும். சுய உதவிக் குழு அக்காவிடம் அறிமுகம் செய்து வைத்தேன். எந்தப் பிள்ளை வீட்டில் என்ன நடக்கிறது என்பதை எங்களைவிட அந்த அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடி வருகிறவன் யார், அம்மா தோட்ட வேலைக்குப் போனதால் தலை வாராமல் வருகிறவள் யார், எல்லாம் அவர் விரல் நுனியில்.

பத்தே முக்காலுக்கு ஒன்றாம் வகுப்பில் ஒருத்தி புது டீச்சர் புடவையைப் பிடித்து இழுத்து என்னமோ சொன்னாள். இவர் குனிந்து, சிரித்து, கன்னத்தைத் தட்டினார். அவள் இன்னும் வேகமாகச் சொன்னாள். நான் எழுந்து போவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. புது டீச்சர் முகம் செத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சத்துணவு ஆயாவை உட்காரவைத்து முதல் பாடம் நடத்தினோம்: தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருது, வயிறு வலிக்குது, அவன் அடிச்சிட்டான். இந்த நான்கையும் தெலுங்கில் கேட்டால் புரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இருக்காது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காகித நாள். பணிப்பதிவேடு திறக்க வேண்டும். கல்விச் சான்றுகளுக்கு உண்மைத்தன்மை கேட்டு எழுத வேண்டும். இதை இப்போதே தொடங்காவிட்டால் தகுதிகாண் பருவம் முடிக்கும்போது கோப்பு நிற்கும். பங்களிப்பு ஓய்வூதிய எண், சம்பளம் போடும் ‘களஞ்சியம்’ தளத்தில் பதிவு, வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் யாரைப் பார்ப்பது, எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

பண விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். அடிப்படை ஊதியம் 20,600. அதில் பத்து சதவீதம் ஓய்வூதியத்துக்குப் பிடிப்பார்கள். முதல் சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. எண்களெல்லாம் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். தேவைப்பட்டால் என்னிடம் கேட்க வேண்டும், வட்டிக்கு வாங்கக் கூடாது என்றேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது இந்த நேரத்தில் பெரிய உதவி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்றிலிருந்து வகுப்பு எடுக்கிறார். இன்று மதியம் பார்த்தால் அவர் மேசையில் மூன்று போன்: அவருடையது, சாருடையது, சத்துணவு அமைப்பாளருடையது. “புதுசா படிச்சிட்டு வந்தவங்க, ஆப் எல்லாம் சட்டுனு வரும்” என்று ஆளாளுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வருகைப் பதிவு, எமிஸ், மதிப்பீட்டு மதிப்பெண் ஏற்றுவது எல்லாம் அவரிடம். அவர் வகுப்பில் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஓடிபிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வருகிறவர்கள் கெட்டுப்போவது இங்கேதான். கணினி தெரியும் என்பதால் எல்லா வேலையும் வரும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நல்ல ஆபரேட்டர் கிடைத்திருப்பார், ஆசிரியர் காணாமல் போயிருப்பார்.

காலாண்டுத் தேர்வு முடியும் வரை ஒரு விதி போட்டேன். அவரவர் வகுப்பு விவரத்தை அவரவரே ஏற்ற வேண்டும். பள்ளிக்குப் பொதுவானது என் வேலை. ஆப் தெரியாதவர்களுக்கு அவர் சொல்லிக் கொடுக்கலாம், செய்து கொடுக்கக் கூடாது. சாருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சார் ஒரு மூங்கில் குச்சியைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்தார். “அடிக்க வேணாம் டீச்சர். மேசை மேல சும்மா கிடந்தா போதும், சத்தம் அடங்கிடும்.” அன்பாகத்தான் கொடுத்தார். நான் வாங்கி என் பீரோவில் வைத்துவிட்டேன். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17 உடலைத் துன்புறுத்துவதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. சும்மா கிடக்கும் குச்சி எந்த வேலையைச் செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் குச்சியைப் பிடுங்கிவிட்டு நான் போய்விட்டால் 27 பிள்ளைகளை அவர் எப்படி அடக்குவார்? எனவே கூடவே நின்றேன். இரண்டாம் வகுப்பு தனியாக ஒரு வேலையில் இருக்கும்போதுதான் மூன்றாம் வகுப்போடு பேச முடியும். அந்தத் தனி வேலை கையால் செய்வதாக இருக்க வேண்டும், பார்த்து எழுதுவதாக இருந்தால் ஐந்தே நிமிஷத்தில் சண்டை வரும். தனியார் பள்ளியில் ஒரு அறைக்கு ஒரு வகுப்பு; இங்கே ஒரு பாய்க்கு ஒரு வகுப்பு. எட்டு வருஷ அனுபவம் இருந்தும் அவருக்குப் புதிதாக இருப்பது இதுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைசி வரிசையில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பார்த்தேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனேன். கையில் நோட்டு வேண்டாம் என்று நினைத்தேன். எழுதினால் ஆய்வு வந்த மாதிரி இருக்கும்.

பாடல் நன்றாகப் போனது. கதை நன்றாகப் போனது. கேள்வியில் இடறியது. கேள்வி கேட்ட மறு நொடி முன் வரிசையில் இரண்டு பெண்கள் கத்துகிறார்கள். இல்லையென்றால் டீச்சரே பதிலைச் சொல்லிவிடுகிறார். பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் வாயைத் திறந்து மூடினான், திறந்து மூடினான். அவனுக்குப் பதில் தெரியும். தெலுங்கில் யோசித்துத் தமிழுக்குக் கொண்டுவருவதற்குள் ரயில் போய்விடுகிறது.

வெளியே வந்ததும் எனக்குத் தோன்றியவற்றில் ஒன்றை மட்டும் சொன்னேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி. அதை மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். “மனசுக்குள்ள மூணு எண்ணுங்க, அதுவரைக்கும் யாருக்கும் வாய்ப்பு இல்லன்னு சொல்லிடுங்க” என்றேன். மீதி எதையும் சொல்லவில்லை. பட்டியல் போட்டுக் குறை சொன்னால் அதில் எதுவும் நிற்காது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சாயங்காலம் வகுப்பறையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார். “பிள்ளைக எங்கிட்ட பேசவே மாட்டேங்கு மேடம். நான் பேசறது அதுகளுக்கு வெளங்கலை. எம் மவளும் போன்ல அழுதா.” அழுது முடிக்கட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். நாளைக்குக் கொடியேற்றம் முடிந்ததும் ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போகச் சொன்னேன். சனி, ஞாயிறு மகளோடு இருந்துவிட்டு வரட்டும். திங்கள் பயிற்சி இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

மூன்று நாள் அறிமுகப் பயிற்சி முடிந்து வந்தார். நல்ல ஃபைல், நல்ல பேனா. பணி விதிகள், விடுப்பு வகைகள், போக்சோ சட்டம், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகள், ஆப் இயக்குவது. எதுவும் வீண் இல்லை. போக்சோ வகுப்பு எடுத்தவர் நன்றாக எடுத்தாராம். 1098 எண்ணை வகுப்புச் சுவரில் எழுதிவிட்டார்.

“கேள்வி கேட்டாங்களா?” என்றேன். “கடைசி நாள் சாயங்காலம் அஞ்சு நிமிஷம் குடுத்தாங்க மேடம். எல்லாரும் பஸ்ஸுக்கு நின்னாங்க.” அந்த அறையில் இருந்த பலரும் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். பலருக்கும் தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள். அதைப் பற்றி ஒரு மணி நேரம்கூட இல்லை. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் ஊற்றிவிடுவதைவிட, மூன்று நாளை மூன்று மாதத்துக்குப் பிரித்து வைக்கலாம். கேள்வி என்பது வகுப்பில் நின்ற பிறகுதானே வரும்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-லிருந்து 27 போக 35 என்று எழுதியிருக்கிறான். ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று. எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டான். நானாக இருந்தால் கடன் வாங்குவதை இன்னொரு தடவை கரும்பலகையில் போட்டிருப்பேன்.

புது டீச்சர் தப்பு என்று சொல்லவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் அவன் முன்னால் வைத்தார். “இருபத்தேழு குச்சி எங்கிட்ட குடு.” இரண்டு கட்டைக் கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். பிறகு கையை நீட்டிக்கொண்டே இருந்தார். வாயே திறக்கவில்லை, மூன்று எண்ணுவதை முப்பது எண்ணியிருப்பார். பையன் கட்டைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான், ரப்பர் பேண்டை உருவினான். இன்னும் ஐந்து குச்சியை எண்ணிக் கொடுத்தான். மீதியைத் தானே எண்ணினான். சிலேட்டில் 35-ஐ அழித்துவிட்டு 25 எழுதினான்.

இதை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, கையோடு கொண்டுவந்திருக்கிறார். இதைச் செய்ய அவருக்கு நேரமும் தைரியமும் இருந்ததா என்பதுதான் கேள்வி. நாளை பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. வியாழக்கிழமை சாரை இந்தப் பாடத்தில் உட்காரச் சொல்லப் போகிறேன். ஐந்தாம் வகுப்பிலும் நான்கு பேர் இதே தப்பைச் செய்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். புது டீச்சரை மாலை போட்டு அறிமுகப்படுத்தலாம் என்றார் தலைவி. மாலை வேண்டாம், அவரே இரண்டு பிள்ளைகள் வாசிப்பதைக் காட்டட்டும் என்றேன். காட்டினார். ஒரு பாட்டி எழுந்து தெலுங்கில் நீளமாகப் பேசினார். புது டீச்சர் பாதி புரிந்து, பாதி ஆயாவைப் பார்த்து, அரைகுறைத் தெலுங்கில் பதில் சொன்னார். கூட்டமே சிரித்தது. இனிமேல் அவர் இந்த ஊர் டீச்சர்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷ அவகாசம். எனக்கு ஓய்வு மூன்று வருஷத்துக்குள் வந்துவிடும், அதனால் என்னைத் தொடாது. சார் 2006-ல் சேர்ந்தவர். தகுதித் தேர்வு என்ற ஏற்பாடே 2010 ஆகஸ்டில்தான் வந்தது. இன்று அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. “பத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியாச்சு மேடம், இப்ப தகுதி இருக்கான்னு கேக்கறாங்க.” அவருடைய கோபம் நியாயமானது. மறு சீராய்வு, சங்கம், போராட்டம் எல்லாம் நடக்கும். அது நடக்கும்வரை மனுஷன் தூங்க வேண்டுமே.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாலை நாலரைக்கு சார் வகுப்பில் விளக்கு எரிந்தது. புது டீச்சர் தகுதித் தேர்வின் முதல் தாள் அமைப்பைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறார்: குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் முப்பது, ஆக 150. சார் முதல் பெஞ்சில், பேனாவோடு. பதிலுக்கு அவர் தெலுங்கு சொல்லிக் கொடுக்கிறாராம்; இரண்டு வகுப்பை ஒரே அறையில் ஓட்டும் நேர அட்டவணையையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் ஏற்பாடு செய்ததில்லை.

போகும்போது சார் ஒரு கேள்வி கேட்டார். “கலந்தாய்வு வந்தா தென்காசிக்கே போயிடுவாங்க மேடம். இவ்வளவு பாடுபட்டு யாருக்கு?”

போவார். போகத்தான் வேண்டும், மகள் அங்கே இருக்கிறாள். ஆனால் இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கிறவனுக்கு மூன்றாம் வகுப்பு ஒரு தடவைதான். டீச்சர் பழகி முடிக்க ஒரு வருஷம் ஆனால் அந்த வருஷம் அவன் கணக்கில்தான் கழியும். தென்காசிப் பள்ளியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழகிய டீச்சர் போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கு லாபம். சாரிடம் இதைச் சொன்னேன். “அப்ப நமக்கு மறுபடியும் புதுசா ஒருத்தர் வருவாங்க” என்றார். வரட்டும், நாற்காலி போட்டு வைப்போம்.

செப்டம்பர் 12, வெள்ளி

தலைமை ஆசிரியர் கூட்டம். கடைசியில் “வேறு ஏதாவது?” என்று கேட்டார்கள். எழுந்து நின்றேன். புதிய ஆசிரியர்கள் பற்றி என்றதும், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்.

ஒன்று: புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் பருவத்தில் மாற்றுப்பணியோ வேறு பள்ளிகளின் பதிவேற்ற வேலையோ தரக் கூடாது.

இரண்டு: சேர்ந்த முதல் வாரம் பார்வையாளராக இருக்க அனுமதி வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் இது முடியாது. அங்கே அந்த ஒரு வாரத்துக்கு ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வந்து நிற்க வேண்டும்.

மூன்று: அறிமுகப் பயிற்சியில் ஒரு நாளை எடுத்து, இரண்டு மாதம் கழித்து வையுங்கள். அன்று பாடம் வேண்டாம், அவர்கள் கொண்டுவரும் கேள்விகள் மட்டும் போதும். தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகளுக்கு வெகுகாலம் தமிழ் கற்பித்த உள்ளூர் ஆசிரியர்கள் பதில் சொல்லட்டும்.

நான்காவதாக முதல் சம்பளம் பற்றி எழுதினேன். பணிப்பதிவேடு, ஓய்வூதிய எண், களஞ்சியப் பதிவு மூன்றும் முப்பது நாளில் முடிய வேண்டும். இன்றுவரை எங்கள் டீச்சருக்குச் சம்பளம் வரவில்லை.

புது டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டாவது கோரிக்கையில் ‘ஒரு வாரம்’ என்பதை ‘இரண்டு வாரம்’ என்று மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்க வேண்டும்.